அளவுகோல் யார் கையில்? - பேரிடரும் மனவடுவும் சேரியும்

இயற்கைக்குச் சாதி தெரியாது என்றொரு பேச்சு இங்கே வெகுகாலமாக உலவிக்கொண்டிருக்கிறது. ஒவ்வொரு வெள்ளத்துக்கும் புயலுக்கும் பிறகு அது தலையங்கத்தில் வரும், மேடையில் வரும், பட்டிமன்றத்தில் கைத்தட்டலோடு வரும். அலை ஆள் பார்த்தா அடித்தது, புயல் தெரு கேட்டா வீசியது என்பார்கள். அலைக்குச் சாதி தெரியாதுதான், சரி. அலை வந்துபோன மறுநாள் அழுகிக் கிடந்த பிணங்களைத் தூக்க லாரியில் யாரை ஏற்றிக்கொண்டு வரவேண்டும் என்பது மட்டும் அத்தனை அதிகாரிகளுக்கும் எப்படிய்யா தெரிந்திருந்தது? அதற்கு ஒரு ஆலோசனைக் கூட்டம்கூடத் தேவைப்படவில்லையே.

2004 டிசம்பர் 26 சுனாமியில் நாகப்பட்டினம் மாவட்டத்தில் மட்டும் 6000 பேருக்கு மேல் செத்தார்கள். அக்கரைப்பேட்டை, கீச்சாங்குப்பம், நம்பியார் நகர், வேளாங்கண்ணி என்று கரை நெடுகப் பிணம். கவிழ்ந்த படகுக்கு அடியில், கருவேலம் புதரில், இடிந்த சுவருக்குள். பெற்றவர்களே கிட்டப்போக முடியாத நிலைக்கு உடல்கள் ஊதி வெடித்திருந்தன. அவற்றை எடுத்தது யார்? பல ஊர் நகராட்சிகளிலிருந்தும் மாநகராட்சிகளிலிருந்தும் கொண்டுவந்து இறக்கப்பட்ட துப்புரவுத் தொழிலாளர்கள். அருந்ததியர், பறையர். பலருக்குக் கையுறை இல்லை. சிலர் வெறுங்காலோடு. பத்திரிகைகளில் படம் வந்தது. உலகம் பார்த்தது, உச்சுக்கொட்டியது, பக்கத்தைப் புரட்டியது.

நான் இங்கே பேச வந்தது அந்தக் கையுறையைப் பற்றி அல்ல. அதைப் பற்றி ஏற்கனவே பலர் எழுதியாயிற்று. அந்தக் கைகளுக்குச் சொந்தக்காரர்களின் மனசு அதற்குப் பிறகு என்ன ஆனது, அதை அளக்க யாராவது ஒரு கோலை எடுத்தார்களா, எடுக்காமல் போனதற்குப் பின்னால் என்ன அரசியல் இருக்கிறது என்பதுதான் கேள்வி.

முதலில் ‘அறிவியல்’ என்ன சொல்கிறது என்று பார்த்துவிடலாம். பேரிடரில் தப்பிப் பிழைத்தவர்களின் மனநலத்தை ஆராய்கிறவர்கள் ஒரு விஷயத்தில் பெரும்பாலும் ஒத்துப்போகிறார்கள். ஒருவர் பேரிடருக்கு எவ்வளவு நெருக்கமாக, எவ்வளவு கடுமையாக ஆட்பட்டாரோ அந்த அளவுக்கு அவருடைய மனவடுவும் ஆழமாக இருக்கும். மருந்தின் அளவு கூடினால் உடம்பில் அதன் வேலையும் கூடுகிற மாதிரி. 1988 டிசம்பர் 7 அன்று ஆர்மீனியாவில் நிலநடுக்கம் வந்து 25,000 பேராவது செத்தார்கள். ஒன்றரை வருஷம் கழித்து அங்கே குழந்தைகளைப் பரிசோதித்தார்கள். தரைமட்டமான ஸ்பிதாக் நகரத்துக் குழந்தைகளுக்குப் பாதிப்பு மிக அதிகம், அடுத்து கியூம்ரி, தூரத்திலிருந்த தலைநகரம் யெரெவானில் குறைவு. படிக்கட்டு மாதிரி இறங்கியது. 2002ல் ஃப்ரான் நோரிசும் அவருடைய குழுவினரும் உலகம் முழுக்கப் பேரிடருக்கு ஆளான 60,000 பேரைப் பற்றிய ஆய்வுகளையெல்லாம் சேர்த்துவைத்துப் பார்த்தபோதும் இது உறுதிப்பட்டது. ஆனால் அதோடு இன்னும் சிலவும் தெரிந்தன. பெண்களுக்குப் பாதிப்பு கூடுதல். சிறுபான்மை இனத்தவருக்குக் கூடுதல். பேரிடருக்குப் பிறகும் தொல்லைகள் ஓயாமல் தொடர்கிறவர்களுக்குக் கூடுதல். கைகொடுக்க ஆளில்லாதவர்களுக்குக் கூடுதல்.

நல்லது. ஆட்பட்ட அளவு என்கிறீர்களே, அந்த அளவை எப்படி எடுக்கிறீர்கள்? ஒரு வினாத்தாள். தண்ணீரில் மாட்டினீர்களா? காயம் பட்டதா? குடும்பத்தில் யாராவது இறந்தார்களா? வீடு போனதா? உயிர் போய்விடும் என்று பயந்தீர்களா? ஒவ்வொரு ‘ஆமாம்’ என்ற பதிலுக்கும் ஒரு மதிப்பெண். கூட்டினால் வருவது ஆட்பட்ட அளவு.

இந்த வினாத்தாளை லாரியில் வந்து இறங்கினவனிடம் நீட்டிப் பாருங்கள். தண்ணீரில் மாட்டவில்லை. காயம் இல்லை. குடும்பத்தில் சாவு இல்லை. வீடு நூறு கல்லுக்கு அப்பால் பத்திரமாக இருக்கிறது. மதிப்பெண் சைபர். இந்தத் தாளின்படி அவன் பேரிடருக்கு ஆளாகவே இல்லை, அவன் வெறும் ‘மீட்புப் பணி’. உலகத்திலேயே அதிகமான பிணங்களைத் தன் இரண்டு கைகளால் தொட்டவன் சைபர் வாங்குகிற தேர்வு இது.

அறிவியலுக்கு இது தெரியாதா என்றால், தெரியும். அதுதான் நமக்கு ஆத்திரம். போரிலும் விமான விபத்திலும் செத்தவர்களின் உடல்களைக் கையாள்கிற ராணுவத்தினரின் மனநிலையை அமெரிக்க மருத்துவர்கள் 1980களிலிருந்தே ஆராய்ந்து வருகிறார்கள். குழந்தைகளின் உடல்கள், சிதைந்த உடல்கள், செத்தவரின் செருப்பு, போட்டோ மாதிரியான சொந்தப் பொருள்கள் இவையெல்லாம் கையாண்டவரின் மனசுக்குள் எப்படிப் போய் உட்கார்ந்துகொள்கின்றன என்று எழுதியிருக்கிறார்கள். வியட்நாமிலிருந்து திரும்பிய சிப்பாய்களின் போராட்டத்துக்குப் பிறகு 1980ல் பிடிஎஸ்டி என்ற பேரதிர்ச்சி மனவடுவைத் தன் கையேட்டில் சேர்த்த அமெரிக்க உளமருத்துவச் சங்கம், 2013ல் வெளியிட்ட ஐந்தாம் பதிப்பில் மனித உடல் எச்சங்களைச் சேகரிக்கிற முதல்நிலை மீட்பாளர்களை உதாரணமாகவே போட்டு, இதுவும் பேரதிர்ச்சிக்கு ஆட்படுதல்தான் என்று வரையறுத்திருக்கிறது. வெள்ளைக்காரன் நாட்டில் சவப்பெட்டி தூக்குகிற சிப்பாய்க்கு மனசு இருக்கிறது. அவனுக்கு மருத்துவர் இருக்கிறார், ஓய்வு இருக்கிறது, விருதும் இருக்கிறது. இங்கே அதே வேலையைச் செய்தவனுக்கு இருப்பதெல்லாம் குலத்தொழில்.

இந்த இடத்தில்தான் சாதி வந்து உட்காருகிறது. ‘அவங்களுக்கு அது பழகிப்போச்சு சார்.’ இதைச் சொல்லாத அதிகாரி உண்டா? செத்த மாட்டைத் தூக்குகிறான், சாக்கடையில் இறங்குகிறான், சுடுகாட்டு வேலை பார்க்கிறான், அவனுக்கு என்ன அருவருப்பு, என்ன பயம்? பிறப்பு தந்த வேலை என்றால் பிறப்பிலேயே மனசும் மரத்திருக்க வேண்டும் என்பது இந்தத் தர்க்கம். மனு எழுதியதை மனநலக் கணக்கில் இப்படி வேறு மையில் எழுதுகிறார்கள். பழக்கம் ஒரு மண்ணும் இல்லை. அந்தப் பிணங்கள் எவனுக்கும் பழக்கமானவை அல்ல. ஒரே நாளில் அத்தனை சின்னக் குழந்தைகளைக் குழியில் இறக்கின பழக்கம் இந்த மண்ணில் எந்தச் சாதிக்கும் கிடையாது.

எங்கள் தெருவிலிருந்து போனவர்களில் ஒருவர் எனக்கு மாமா முறை. நகராட்சியில் துப்புரவுப் பணி. நான் அப்போது பத்தாவது படித்துக்கொண்டிருந்தேன். ரெண்டு நாள் வேலை என்று சொல்லி ஏற்றிப்போனார்கள், பதினோராவது நாள்தான் திரும்பினார். அவர் அதைப் பற்றித் தானாக எதுவும் பேசியதில்லை. பல வருஷம் கழித்து, நான் வேலைக்குச் சேர்ந்த பிறகு ஒருநாள் கேட்டேன்.

“எத்தன பேர எடுத்தீங்க மாமா?”

“எண்ணல மாப்ள. மொத நாளு எண்ணுனேன். அப்பறம் விட்டுட்டேன். எண்ணுனா கை போக மாட்டேங்குது.”

“கையுறை குடுத்தாங்களா?”

“குடுத்தாங்க, மூணாம் நாளு. அதுக்கு முன்னாடி குவாட்டரு குடுத்துட்டாங்க.”

இவ்வளவுதான் சொன்னார். மீதியை அத்தைதான் சொன்னாள். ராத்திரி எழுந்து முழங்கை வரைக்கும் சோப்புப் போட்டுக் கழுவுவாராம். ஒரு தடவை அல்ல, நாலு தடவை, அஞ்சு தடவை. பிளீச்சிங் பவுடர் வாடை அடித்தால் வேலையைப் போட்டுவிட்டு வந்துவிடுவார். துப்புரவுத் தொழிலாளிக்கு பிளீச்சிங் பவுடர் வாடை இல்லாத இடம் ஏது? வீட்டில் மீன் வாங்குவது நின்றுபோனது. பேத்தி பிறந்தபோது தூங்குகிற குழந்தையைத் தூக்கமாட்டேன் என்றார், முழித்திருந்தால்தான் தூக்குவார். வேலைக்குப் போகாத நாளுக்கெல்லாம் அலுவலகத்திலிருந்து மெமோ வந்தது. ‘பணிக்குக் குடித்துவிட்டு வருகிறார், முறையாக வருவதில்லை.’ சம்பள உயர்வை நிறுத்தினார்கள். அவருக்கு முதல் பாட்டிலை வாங்கிக் கொடுத்தவர் யாரோ ஒரு மேற்பார்வையாளர் என்பது எந்த மெமோவிலும் இல்லை. கெட்ட கனவு, சட்டென்று திடுக்கிடுதல், வாடையோ சத்தமோ பட்டால் பழசு கண்முன் வந்து நிற்பது, அதை நினைவுபடுத்துகிற எதையும் தவிர்ப்பது, மறக்கக் குடிப்பது. பாடப்புத்தகத்தில் வரிசையாக எழுதியிருப்பதெல்லாம் ஒரு மனுஷனிடம் இருந்தது. அதை மனவடு என்று ஒருவரும் சொல்லவில்லை. ஒழுங்கீனம் என்றார்கள். எங்கள் ஆட்களுக்கு மனநோய் வருவதில்லை தோழர்களே, ‘கெட்ட பழக்கம்’தான் வரும்!

சுனாமிக்குப் பிறகு மனநலப் பணி நடக்கவே இல்லை என்று நான் சொல்லவில்லை. பெங்களூர் நிம்ஹான்ஸ் மருத்துவர்கள் வந்தார்கள், கிராமத்துப் பணியாளர்களுக்குப் பயிற்சி கொடுத்தார்கள், குப்பங்களில் பெண்களோடும் குழந்தைகளோடும் உட்கார்ந்து பேசினார்கள். அது தேவையான வேலை. பிள்ளையை அலைக்குக் கொடுத்த மீனவத் தாயின் துக்கத்தோடு யாருக்கும் போட்டி கிடையாது. ‘தலித் இயக்கம் பிணத்திலும் கணக்குப் பார்க்கிறது’ என்று சொல்லக் காத்திருக்கிற முற்போக்காளர்களுக்காகவே இதைச் சொல்லிவைக்கிறேன். தமிழகத்தில் கடுமையாக அடிபட்ட ஒரு மீனவக் கிராமத்தில் எடுத்து 2007ல் வெளியான ஆய்வு, பெரியவர்களில் நூற்றுக்கு ஏறக்குறைய 13 பேருக்கு பிடிஎஸ்டி இருந்தது என்கிறது. அதில் யாருக்கு அதிகம்? காயம்பட்டவர்களுக்கு, பெண்களுக்கு, வீட்டில் வருமானமே நின்றுபோனவர்களுக்கு. இந்தக் கடைசி விஷயத்தைத் திரும்பப் படியுங்கள். வருமானம் நின்றது என்பது அலையின் உயரத்தால் வந்ததல்ல, அலை போன பிறகு வந்தது. அதாவது ஆட்பட்ட அளவு என்பது கடல் உள்வாங்கியதோடு முடிந்துவிடவில்லை. அது நிவாரண வரிசையில் கூடியது, முகாம் வாசலில் கூடியது, தாசில்தார் மேசையில் கூடியது.

முகாம் வாசலில் என்ன நடந்தது என்பதும் ரகசியமில்லை. தலித்துகளை முகாமுக்குள் சேர்க்காமல் விரட்டியது, குடிதண்ணீர்த் தொட்டியைத் தொடவிடாதது எல்லாம் 2005 ஜனவரியிலேயே நாளேடுகளில் வந்தது. மனித உரிமைக் கண்காணிப்பகம் அதே வருஷம் அறிக்கையில் எழுதியது. படகு வைத்திருந்தவனுக்குப் படகுக் கணக்கு இருந்தது. படகே இல்லாமல் ஆற்றிலும் உப்பனாற்றிலும் கையால் தடவி மீன் பிடித்தவனுக்கு, உப்பேறிப்போன வயலில் கூலி இழந்தவளுக்கு, உப்பளத்துத் தொழிலாளிக்கு, அத்தனை கரையிலும் இருந்த இருளருக்கு என்ன கணக்கு? இழப்பதற்கு உன்னிடம் ஏதாவது இருந்தால்தான் நீ இழந்தவன். ஒன்றுமில்லாதவனுக்கு இழப்பும் கிடையாது.

நான் வங்கிக் கவுண்டரில் உட்காருகிறவன். பட்டியல் என்றால் என்ன என்பது எனக்கு நன்றாகத் தெரியும். பட்டியலில் பேர் ஏறாதவன் ஜன்னலுக்கு வெளியே எவ்வளவு நேரம் அழுதாலும் உள்ளே ஒரு எண்ணும் அசையாது. 2018 நவம்பர் 16ல் கஜா அடித்தபோது விழுந்த தென்னை மரம் ஒன்றுக்கு 1,100 ரூபாய் என்று அரசு அறிவித்தது. தோப்பு வைத்திருந்தவனுக்கு அதுவும் பத்தாதுதான், மறுக்கவில்லை. அந்த மரத்தில் ஏறினவனுக்கு, மட்டை முடைந்தவளுக்கு மரக்கணக்கில் ஒரு வரி உண்டா?

பேரிடரைவிடப் பேரிடருக்குப் பிந்தியதுதான் ஆளைக் கொல்லும் என்பதை நாம் புதிதாகக் கண்டுபிடிக்கவில்லை. 1972 பிப்ரவரி 26 அன்று அமெரிக்காவின் மேற்கு வர்ஜீனியாவில் எருமை ஓடை என்று பெயர் கொண்ட பள்ளத்தாக்கில், நிலக்கரிக் கம்பெனி கழிவைக் கொட்டிக் கட்டியிருந்த அணை உடைந்து 125 பேர் செத்தார்கள். கம்பெனிக்காரன் இது ‘கடவுளின் செயல்’ என்றான். பிழைத்தவர்களை அரசு இழுவை வண்டி வீடுகளில், பழைய அக்கம்பக்கத்தைப் பார்க்காமல் கலைத்துப் போட்டுக் குடிவைத்தது. அங்கே போய் ஆராய்ந்த சமூகவியலாளர் காய் எரிக்சன், தனித்தனி ஆளின் காயம் ஒருபக்கம் இருக்க, ஒருவரையொருவர் தாங்கிக்கொண்டிருந்த உறவு அறுந்துபோனதே தனியான ஒரு காயம் என்று எழுதினார். இதில் நமக்கு வேண்டியது இன்னொன்று உண்டு. அந்த ஜனங்கள் வழக்குப் போட்டார்கள். மனசுக்கு ஏற்பட்ட சேதத்துக்கும் காசு கொடு என்று கேட்டார்கள். வெள்ளம் வந்தபோது பள்ளத்தாக்கில் இல்லாமல் பிறகு வந்து பார்த்தவர்களும் வழக்கில் இருந்தார்கள். 1974ல் கம்பெனி 135 லட்சம் டாலர் கொடுத்துச் சமாதானத்துக்கு வந்தது. வெள்ளம் தொடாதவனுக்கும் மனசு உடையும் என்பது ஐம்பது வருஷத்துக்கு முன்பே வழக்குமன்றம் ஏறிய சங்கதி.

நம்முடைய சட்டத்தையும் பாருங்கள். சுனாமிக்கு அடுத்த வருஷம், 2005ல், பேரிடர் மேலாண்மைச் சட்டம் வந்தது. அதன் 61ஆம் பிரிவு நிவாரணத்திலும் இழப்பீட்டிலும் பால், சாதி, சமூகம், வம்சாவளி, மதம் பார்த்துப் பாகுபாடு காட்டக்கூடாது என்கிறது. படிக்க ஜோராகத்தான் இருக்கிறது. காட்டினால் என்ன தண்டனை? அந்தப் பிரிவில் ஒன்றும் இல்லை. ஆனால் பொய்யாக நிவாரணம் கேட்டால் 52ஆம் பிரிவின்படி இரண்டு வருஷம் வரைக்கும் உள்ளே போகலாம். பட்டினியில் ஒரு பொய் சொன்னவனுக்குச் சிறை, சாதி பார்த்து விரட்டியவனுக்கு அறிவுரை.

பேரிடரிலிருந்து நீதிபோதனை தயாரிப்பது இந்த நாட்டின் பழைய வியாதி. 1934 ஜனவரி 15ல் பீகார் நிலநடுக்கம். 24ஆம் தேதி திருநெல்வேலியில் பேசிய காந்தி, இது தீண்டாமை என்ற பாவத்துக்குக் கடவுள் கொடுத்த தண்டனை என்றார். தாகூர் இது பகுத்தறிவுக்கு ஒவ்வாத பேச்சு என்று மறுத்தார். நமக்கு இரண்டு பேருமே கேட்காத ஒரு கேள்வி இருக்கிறது. தீண்டாமைக்குத் தண்டனை கொடுக்க வந்த கடவுள், தீண்டப்படாதவன் குடிசையையும் சேர்த்து ஏன் இடித்தார்? அவன் பெண்டாட்டி பிள்ளையை எந்தப் பாவத்துக்காகப் புதைத்தார்? நம்முடைய சாவும்கூட இன்னொருவர் மனந்திருந்துவதற்கான பாடம் என்றால், நம்முடைய பைத்தியத்தை யார் கணக்கெடுப்பார்கள்?

ஆட்படுதல் தற்செயல் அல்ல என்பதற்கு ரொம்ப தூரம் போகவேண்டாம். 2020 ஆகஸ்ட் 6 ராத்திரி மூணாறு பெட்டிமுடியில் மலை சரிந்து 70 பேர் மண்ணுக்குள் போனார்கள். தேயிலைத் தோட்டத்துத் தமிழர்கள், பெரும்பாலும் தலித்துகள், தென் மாவட்டங்களிலிருந்து தலைமுறைகளுக்கு முன் போனவர்கள். ஒரு லயத்து வரிசை என்பது ஒரு குடும்பத்துக் கொடி. அண்ணன் ஒரு கதவு, தங்கச்சி அடுத்த கதவு. அந்த லயங்களை மலைச்சரிவில் கட்டியது இயற்கையா? மறுநாள் கோழிக்கோட்டில் விமானம் விழுந்தது. விமானத்தில் செத்தவருக்குக் கேரள அரசு அறிவித்தது 10 லட்சம். மண்ணில் செத்தவருக்கு 5 லட்சம். ஒரே வாரம், ஒரே அரசு. ஒரு குடும்பத்தில் பத்துப் பதினைந்து பேரை ஒரே ராத்திரியில் பறிகொடுத்துவிட்டு மிஞ்சி நிற்கிற ஒருவன், தன் மனசு எந்த விலைப்பட்டியலில் வருகிறது என்று அதிலேயே தெரிந்துகொண்டிருப்பான். ஆய்வாளர்களின் வினாத்தாளில் ‘உன் சாவுக்குப் பாதி விலை என்று அரசாங்கம் சொன்னதா?’ என்று ஒரு கேள்வி சேர்க்கச் சொல்லலாம். அதுவும் ஆட்பட்ட அளவுதானே?

இயக்கங்களின் கோரிக்கைப் பட்டியல்களிலும் ஒரு ஓட்டை இருக்கிறது. அரிசி கேட்டிருக்கிறோம், பட்டா கேட்டிருக்கிறோம், கான்கிரீட் வீடு கேட்டிருக்கிறோம். தூக்கம் கேட்டதில்லை. மனநலம் என்றால் அது நகரத்து நடுத்தர வர்க்கத்தின் சமாச்சாரம், புரட்சி வந்தால் எல்லாம் சரியாகிவிடும் என்று ஒரு எண்ணம் தோழர்கள் சிலரிடம் உண்டு. சமூகக் காயத்தைத் தனிமனித நோயாகச் சுருக்கி, கவுன்சலிங் என்ற பெயரில் ‘மறந்துடுங்க, மன்னிச்சுடுங்க’ என்று அனுப்பிவைப்பதை நானும் எதிர்க்கிறேன். அதற்காகக் காயமே இல்லை என்றாகிவிடுமா? ராத்திரி எழுந்து கை கழுவுகிறவனிடம் போய் வர்க்க முரண்பாடு தீரட்டும் என்று சொல்ல முடியுமா?

இப்போது செய்யக்கூடியது ஒன்று இருக்கிறது, மாணவத் தோழர்கள் நினைத்தால் இந்த விடுமுறையிலேயே தொடங்கலாம். 2004 டிசம்பர் கடைசியிலும் 2005 ஜனவரியிலும் எந்தெந்த நகராட்சியிலிருந்து எத்தனை துப்புரவுத் தொழிலாளர்கள் நாகப்பட்டினத்துக்கும் கடலூருக்கும் அனுப்பப்பட்டார்கள் என்பது வருகைப் பதிவேட்டில் இருந்திருக்கும். பயணப்படி கொடுத்திருந்தால் அந்த ரசீதில் இருந்திருக்கும். 2015 டிசம்பர் வெள்ளத்தின்போது சென்னைக் குப்பையை அள்ளப் பல மாவட்டங்களிலிருந்து கொண்டுவந்தார்களே, அதற்கும் பதிவு இருக்கும். தகவல் உரிமைச் சட்டத்தில் பத்து ரூபாய் ஸ்டாம்பு ஒட்டி ஒவ்வொரு நகராட்சிக்கும் எழுதிக் கேளுங்கள். ஆவணம் அழிக்கப்பட்டுவிட்டது என்று பதில் வந்தால், எந்த உத்தரவின்படி எந்தத் தேதியில் அழித்தீர்கள் என்று மறுபடி எழுதுங்கள். காகிதம் வராவிட்டால் காலனிக்குப் போங்கள். போனவர்களில் பாதிப்பேருக்கு மேல் ஓய்வு பெற்றிருப்பார்கள், பலர் செத்திருப்பார்கள். மிஞ்சியிருப்பவர்களிடமும் அவர்கள் வீட்டுப் பெண்களிடமும் கேளுங்கள். என்ன பார்த்தீர்கள் என்று ஆரம்பிக்காதீர்கள், வாயைத் திறக்கமாட்டார்கள். அப்போது உங்களுக்கு என்ன கொடுத்தார்கள், திரும்பி வந்தபிறகு எத்தனை மெமோ வந்தது என்று கேளுங்கள். மெமோக்களைப் பெரும்பாலும் பத்திரமாக எடுத்து வைத்திருப்பார்கள், டிரங்குப் பெட்டியில், ரேஷன் கார்டோடு. அவற்றை நகல் எடுத்துத் தேதிவாரியாக அடுக்குங்கள். அந்தப் பட்டியலோடு நகராட்சி நிர்வாக இயக்குநரகத்துக்கு முன்னால் போய் நின்று கேட்கவேண்டிய கோரிக்கை மூன்று. அந்த மெமோக்களை ரத்து செய். நிறுத்திய சம்பள உயர்வை வட்டியோடு கொடு. பிணம் தூக்கப் போனவர்கள் அனைவரையும் பேரிடரால் பாதிக்கப்பட்டவர்கள் என்று பேர் பேராக அரசாணையில் ஏற்று.